ரயிலை ஓட்ட ‘தட்டை’ விற்கும் கம்பெனி! - 6.4 கி.மீ ஜப்பான் ரயில் பாதையின் 100 ஆண்டுப் போராட்டம்

‘ரயிலை ரிப்பேர் பண்ணக் காசு வேணும். தயவுசெஞ்சு எங்க பலகாரத்தை வாங்குங்க!’

ஒரு ரயில் கம்பெனி தன்னுடைய வெப்சைட்டில் இப்படிப் போட்டால் என்ன நினைப்பீர்கள்? ‘யாரோ ஹேக் பண்ணிட்டாங்கபோல’ என்றுதானே தோன்றும்? ஆனால், 2006 நவம்பரில் ஜப்பானில் ஒரு ரயில் கம்பெனி உண்மையாகவே இந்த அர்த்தத்தில் ஒரு வேண்டுகோளை வெளியிட்டது. காமெடிக்காக இல்லை. அந்தப் பணம் வரவில்லை என்றால் ரயில் நின்றுவிடும் என்ற நிலை.

அந்த ரயில் இன்றைக்கும் ஓடுகிறது. இன்றைக்கும் அந்தக் கம்பெனி பலகாரம் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. டிக்கெட்டில் வரும் வருமானத்தைவிடப் பலகாரத்தில் வரும் வருமானம்தான் அதிகம்! அப்படி என்னதான் நடக்குது அங்கே? ‘சோஷி எலெக்ட்ரிக் ரயில்வே’யின் கதையைப் பார்க்கலாம், வாங்க.

எங்கே இருக்கு இந்த ரயில்?

டோக்கியோவிலிருந்து கிழக்கே, எக்ஸ்பிரஸ் ரயிலில் கிட்டத்தட்ட 2 மணி நேரம் போனால் சோஷி என்ற ஊர் வரும். சிபா மாகாணத்தின் கிழக்கு மூலை. டொனே நதி பசிபிக் கடலில் கலக்கும் இடம். ஊருக்கு இரண்டு அடையாளங்கள். ஒன்று, மீன். பல ஆண்டுகள் தொடர்ந்து ஜப்பானிலேயே அதிக மீன் வந்து இறங்கிய துறைமுகம் இதுதான். இன்னொன்று, சோயா சாஸ். யமசா, ஹிகேட்டா என்ற இரண்டு பெரிய பிராண்டுகளுக்கும் சொந்த ஊர் இது.

டோக்கியோவிலிருந்து வரும் பெரிய ரயில் சோஷி ஸ்டேஷனோடு முடிந்துவிடும். அதே பிளாட்பாரத்தின் கடைசி வரை நடந்து போனால், காற்றாலை மாதிரி கட்டிய ஒரு குட்டிக் கட்டடம் தெரியும். அங்கேதான் நம்ம ஹீரோ நிற்கும். இரண்டே பெட்டி. மொத்தப் பாதை 6.4 கி.மீ. மொத்த ஸ்டேஷன் 10. கடைசி ஸ்டேஷனான டோக்கவாவுக்குப் போய்ச் சேர 20 நிமிடம்கூட ஆகாது.

தண்டவாளத்தையே விற்ற கதை

இந்தப் பாதைக்கு இரண்டு பிறவி. முதல் பிறவி 1913 டிசம்பரில். இனுபோ முனையில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1874-ல், ரிச்சர்ட் ஹென்றி பிரண்டன் என்ற ஸ்காட்லாந்து இன்ஜினீயரின் வடிவமைப்பில் கட்டியது. அதைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பி ஒரு கம்பெனி ரயில் விட்டது.

நான்கு வருடம்கூட தாங்கவில்லை. கூட்டம் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. அப்போது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால், இரும்பு விலை எகிறிக்கொண்டிருந்தது. ரயிலை ஓட்டிச் சம்பாதிப்பதைவிட தண்டவாளத்தைப் பேர்த்து விற்றால் லாபம் என்ற நிலை. 1917 நவம்பரில் கடையை மூடிவிட்டு, அதைத்தான் செய்தார்கள்.

ஆனால் ஊர்க்காரர்களுக்கு ரயில் தேவைப்பட்டது. 1922-ல் புதிய கம்பெனி தொடங்கி, அதே தடத்தில் மறுபடி தண்டவாளம் போட்டு, 1923 ஜூலை 5-ம் தேதி ரயிலை ஓட விட்டார்கள். இந்த முறை மீனவர் குடியிருப்பான டோக்கவா வரை பாதையை நீட்டினார்கள். 1925-ல் மின்சார ரயில் ஆனது. பயணிகளோடு மீனும் சோயா சாஸும் இந்தப் பாதையில்தான் போயின. 1945 ஜூலையில் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் பெருத்த சேதம். அதிலிருந்தும் எழுந்து, 1948-ல் இப்போதுள்ள பெயருக்கு மாறியது.

சாவி கைமாறும் ஸ்டேஷன்

சோஷியை விட்டுக் கிளம்பியதும் அடுத்த ஸ்டேஷன் நகானோச்சோ. யமசா ஃபேக்டரியின் பக்கத்திலேயே இருப்பதால் சோயா சாஸ் வாசனை மூக்கைத் துளைக்கும். கம்பெனியின் ஹெட் ஆபீஸும் ரயில் பெட்டிகளை நிறுத்திவைக்கும் ஷெட்டும் இங்கேதான். 1922-ல் ஜெர்மனியில் செய்த ஒரு குட்டி எலெக்ட்ரிக் இன்ஜினும் இங்கே இருக்கிறது. ‘டெகி 3’ என்று பெயர். பொம்மை ரயில் மாதிரி இருக்கும் அதைப் போட்டோ எடுக்கவே ஆட்கள் வருவார்கள்.

முழுக்க ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால்? நடுவிலுள்ள காஸகாமி குரோஹாயே ஸ்டேஷனில் மட்டும் இரண்டு தடம் உண்டு. அங்கே டிரைவர்கள் ஒரு அடையாளப் பொருளைக் கையால் மாற்றிக்கொள்கிறார்கள். ‘இந்தத் துண்டுப் பாதைக்குள் போக இப்போது உனக்கு மட்டும்தான் அனுமதி’ என்பதற்கான சாவி மாதிரி அது. ஒரு துண்டுக்கு ஒரே ஒரு சாவி. அது கையில் இல்லாத ரயில் நகரக் கூடாது. அதனால் நேருக்கு நேர் மோதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. உலகம் முழுக்க பழைய ரயில்களில் இருந்த முறை இது. இங்கே இன்னமும் புழக்கத்தில் இருக்கிறது.

டிக்கெட்டும் அப்படித்தான். டோக்கியோவில் கார்டைத் தட்டிவிட்டுப் போகிற பழக்கம் இங்கே செல்லாது. பாதி ஸ்டேஷன்களில் ஊழியரே இருக்க மாட்டார். கண்டக்டர் பெட்டிக்குள் வந்து காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுப்பார்.

பெட்டிகளும் புதுசு இல்லை. 2010-ல் வந்து சேர்ந்த பெட்டிகளின் ஹிஸ்டரியைக் கேட்டால் சிரிப்பு வரும். 1960-களின் தொடக்கத்தில் டோக்கியோவின் ‘கேயோ’ ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தவை. அங்கே ரிட்டயர் ஆனதும், ஷிகோகு தீவிலுள்ள ‘இயோ’ ரயில்வேக்குப் போயின. அங்கேயும் ரிட்டயர் ஆன பிறகு சோஷிக்கு. மூன்றாவது இன்னிங்ஸ்! 2024-ல் ஒசாகா பக்கமிருந்து வந்து சேர்ந்த ‘புது’ ரயிலும் 1969 காலத்து மாடல். அதற்குக் கம்பெனி வைத்த செல்லப்பெயர் ‘சீனியர் மோட்டார் கார்’. காந்த சக்தியில் பறக்கும் அதிவேக ரயிலை ஜப்பானில் ‘லீனியர் மோட்டார் கார்’ என்பார்கள். அதைக் கலாய்த்து வைத்த பெயர் இது.

டிக்கெட் காசு ஏன் பத்தலை?

இங்கேதான் மேட்டர் சீரியஸ் ஆகிறது. ரயிலில் 10 பேர் ஏறினாலும் 100 பேர் ஏறினாலும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். தண்டவாளம், மின்கம்பி, டிரைவர் சம்பளம் எதுவும் குறையாது. அதோடு, ஜப்பானில் மின்சார ரயில் பெட்டிகளுக்குக் கறாரான விதி இருக்கிறது. 4 வருடம் அல்லது 6 லட்சம் கி.மீ, இதில் எது முதலில் வருகிறதோ அப்போது முக்கியப் பாகங்களைக் கழற்றி சோதிக்க வேண்டும். 8 வருடத்துக்கு ஒருமுறை பெட்டி முழுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தேதி தாண்டினால், நன்றாக ஓடுகிற பெட்டியாகவே இருந்தாலும் ஷெட்டில்தான் நிற்கணும்.

செலவு இப்படி இருக்க, வரவு என்ன ஆனது? கார் வந்தது, பஸ் வந்தது. மீனும் சோயா சாஸும் லாரிக்கு மாறின. 1984-ல் சரக்குப் போக்குவரத்து மொத்தமாக நின்றது. ஊரிலும் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். ஒரு காலத்தில் 90,000-ஐத் தொட்ட சோஷியின் மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பில் 58,000 சொச்சம். படிக்கவும் வேலைக்கும் இளைஞர்கள் டோக்கியோ பக்கம் போய்விட, ரயிலில் மிச்சம் இருப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளும், கார் ஓட்ட முடியாத தாத்தா பாட்டிகளும், வார இறுதியில் வரும் டூரிஸ்ட்டுகளும்தான்.

இவர்களில் முதல் இரண்டு பேருக்கு இந்த ரயிலை விட்டால் கையில் பெரிதாக வேறு வழி இல்லை. ரயில் நின்றால் ஸ்கூலும் ஆஸ்பத்திரியும் தூரமாகிவிடும்.

தட்டை உள்ளே வந்தது இப்படித்தான்!

சைடு பிசினஸ் ஐடியா 1976-லேயே தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் ‘டையாகி’ என்ற மீன் வடிவ இனிப்பு பலகாரத்தைப் பற்றிய ஒரு பாட்டு ஜப்பான் முழுக்க ஹிட். ‘சரி, நாமும் சுடுவோம்’ என்று கன்னோன் ஸ்டேஷனில் டையாகிக் கடை போட்டுவிட்டார்கள். ரயில் ஸ்டேஷனில் ரயில் கம்பெனியே பலகாரம் சுட்டு விற்றது.

அடுத்து 1995-ல் வந்ததுதான் ‘நுரே சென்பே’. சென்பே என்பது அரிசியில் செய்து சுட்டெடுக்கும் பலகாரம். நம்ம தட்டை மாதிரி மொறுமொறுவென்று இருக்கும். ‘நுரே’ என்றால் ஈரமான. சுட்ட சூட்டோடு சோயா சாஸில் முக்கி எடுப்பதால் மொறுமொறுப்பு போய், மெத்தென்று ஆகிவிடும். நாம் ‘நமுத்துப்போச்சு’ என்று ஒதுக்கி வைப்போமே, அதை வேண்டுமென்றே செய்து விற்கிறார்கள்! இந்தப் பலகாரம் பிறந்ததே சோஷியில் ஒரு பலகாரக் கடையில்தான். அரிசி, உள்ளூர் சோயா சாஸ், ரயில் கம்பெனி... காம்பினேஷன் செட் ஆகிவிட்டது.

2006: அந்த ஒரு போஸ்ட்

பலகாரம் விற்றும் கம்பெனி தலைநிமிரவில்லை. 1990-களில் இதன் உரிமை ஒரு கட்டுமான நிறுவனத்திடம் இருந்தது. 1998-ல் அந்த நிறுவனம் திவால். அதைவிடப் பெரிய அடி அடுத்து வந்தது. அப்போதைய தலைவர், ரயில் கம்பெனியின் பெயரில் கடன் வாங்கிச் சுருட்டியது வெளியே தெரிந்து, 2006-ல் கைதானார். கையாடல் 10 கோடி யென்னுக்கும் மேல். இந்த விவகாரத்தால் அரசு உதவித்தொகையும் நின்றது. வங்கிகளும் கை விரித்தன.

சரியாக அந்த நேரத்தில்தான் பெட்டிகளுக்கான கட்டாயச் சோதனைக்குத் தேதி நெருங்கியது. தண்டவாளத்தைச் சரி செய்யச் சொல்லி அதிகாரிகளின் உத்தரவும் வந்தது. காசோ இல்லை. அப்போது கம்பெனிக்குக் கணக்குப் பார்க்க வந்திருந்தவர் கட்சுநோரி டக்கேமோட்டோ என்ற வரி ஆலோசகர். ஆன்லைனில் பலகாரம் விற்கும் வேலையைத் தொடங்கி வைத்தவர் அவர். அந்தச் சூழலில்தான் முதல் பத்தியில் பார்த்த வேண்டுகோள் வெப்சைட்டில் ஏறியது.

சோஷியல் மீடியா பெரிதாக இல்லாத காலம். ஆனாலும் ஜப்பானின் இணைய விவாதக் களங்களில் அந்த வேண்டுகோள் தீயாகப் பரவியது. சில நாள்களிலேயே ஆயிரக்கணக்கில் ஆர்டர்கள் குவிய, தட்டை சுட்டு மாளவில்லை. வாங்கியவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த ரயிலில் வாழ்க்கையில் ஒருமுறைகூட ஏறாதவர்கள். அந்தப் பணத்தில் பெட்டிகள் சோதனைக்குப் போய்த் திரும்பின. ரயில் நிற்கவில்லை.

கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்... அவர்கள் ‘நன்கொடை கொடுங்க’ என்று கேட்கவில்லை. ‘எங்ககிட்ட ஒரு பொருள் இருக்கு. நல்லா இருக்கும், வாங்கிக்கோங்க. இந்தக் காசு இதுக்குத்தான் போகப்போகுது’ என்று சொன்னார்கள். கொடுத்தவருக்குத் தானம் செய்த பெருமையும் இல்லை, வாங்கியவருக்குக் கைநீட்டிய கூச்சமும் இல்லை.

ஸ்கூல் பசங்க களமிறங்கினாங்க!

ஒரு ஹிட்டோடு பிரச்னை முடிந்துவிடவில்லை. 2011 மார்ச்சில் பூகம்பமும் சுனாமியும் கிழக்கு ஜப்பானைப் புரட்டிப்போட, கடற்கரைப் பக்கம் டூரிஸ்ட் வருவது நின்றது. டக்கேமோட்டோ 2012 டிசம்பரில் கம்பெனியின் தலைவரானார். அடுத்த சில வாரங்களில், 2013 பிப்ரவரியில், ‘இனி எங்களால் தனியாகச் சமாளிக்க முடியாது’ என்று கம்பெனி வெளிப்படையாகச் சொல்லி, நகராட்சியிடமும் மாகாணத்திடமும் உதவி கேட்டது.

2014 ஜனவரியில் ஒரு ரயில் தடம் புரண்டது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்தப் பெட்டியை ரிப்பேர் செய்யக் காசில்லாமல் ஷெட்டில் போட்டுவைத்தார்கள். அப்போது சோஷி வணிகவியல் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள், ‘எங்க ஊர் ரயிலை நாங்களே மறுபடி ஓட வைக்கிறோம்’ என்று கிரவுட் ஃபண்டிங்கில் இறங்கினார்கள். 40 லட்சம் யென்னுக்கு மேல் சேர்ந்தது. 2015-ல் அந்தப் பெட்டி மறுபடி தண்டவாளத்துக்கு வந்தது.

டக்கேமோட்டோவும் சும்மா இருக்கவில்லை. கம்பெனித் தலைவராக இருந்துகொண்டே படித்து, பரீட்சை எழுதி, 2016-ல் ரயில் டிரைவர் லைசென்ஸ் வாங்கினார். தலைவரே ரயில் ஓட்டுவார், தலைவரே தட்டையும் விற்பார்!

‘மோசம்’தான் பிராண்டு!

இதற்குப் பிறகு அந்தக் கம்பெனி எடுத்த ரூட் வேற லெவல். தன்னுடைய வறுமையையே காமெடி ஆக்கிவிட்டது.

ஜப்பானில் ‘உமாய் போ’ என்று ஒரு ஃபேமஸான ஸ்நாக்ஸ் உண்டு. ‘டேஸ்ட்டான குச்சி’ என்று அர்த்தம். 2018 ஆகஸ்ட்டில் சோஷி ரயில்வே இறக்கியது ‘மஸூய் போ’. ‘மோசமான குச்சி’! மோசம் என்பது சுவை இல்லை, கம்பெனியின் நிதி நிலைமை. நாம் ‘சாப்பாடு மோசம்’, ‘நிலைமை மோசம்’ இரண்டுக்கும் ஒரே வார்த்தையைப் பயன்படுத்துகிற மாதிரிதான் ஜப்பானியரும் ‘மஸூய்’ என்கிறார்கள். பாக்கெட்டில் உள்ள பொம்மையை வரைந்தவர் திகில் காமிக்ஸுக்குப் பெயர்போன ஹினோ ஹிடேஷி. விற்பனை 10 லட்சத்தைத் தாண்டியது.

இன்னொரு டயலாக்கும் உண்டு. ஜப்பானிய மொழியில் மின்சார ரயிலுக்கு ‘டென்ஷா’, சைக்கிளுக்கு ‘ஜிடென்ஷா’. மிதிப்பதை நிறுத்தினால் விழுந்துவிடும் என்பதால், அன்றாடம் பணம் புரட்டி வண்டி ஓட்டுவதை அங்கே ‘சைக்கிள் பிசினஸ்’ என்பார்கள். ‘நாங்க டென்ஷா கம்பெனிதான், ஆனா ஓட்டுறது ஜிடென்ஷா’ என்று தங்களைத் தாங்களே ஓட்டிக்கொள்கிறார்கள்.

ஸ்டேஷன் பெயர்களையும் விடவில்லை. 2015-ல் ஸ்டேஷனுக்குச் செல்லப்பெயர் வைக்கும் உரிமையை விற்றார்கள். சாவி மாற்றுகிற காஸகாமி குரோஹாயே ஸ்டேஷனை வாங்கியது, தலைமுடிக்கான ஷாம்பு விற்கும் ஒரு கம்பெனி. வைத்த பெயர் ‘காமினோகே குரோஹாயே’. அர்த்தம்? ‘தலைமுடி கறுப்பாக முளைக்கும்’!

கோடையில் ரயிலையே பேய் வீடாக மாற்றி ஓட்டுகிறார்கள். 2020-ல் சினிமாவும் எடுத்தார்கள். ‘கேமராவை நிறுத்தாதே’ என்ற ஜாம்பி படம் ஜப்பானில் சக்கைப்போடு போட்டதல்லவா? இவர்கள் வைத்த டைட்டில் ‘ரயிலை நிறுத்தாதே’!

அப்போ ஜெயிச்சாச்சா?

இத்தனை கேட்டதும், ‘ஐடியா இருந்தா போதும், எந்த ரயிலையும் காப்பாத்திடலாம்’ என்று தோன்றலாம். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்கணும்.

பலகார வருமானம் டிக்கெட் வருமானத்தைத் தாண்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் சில ஆண்டுகள் நஷ்டத்துக்குப் பிறகு 2021 நிதியாண்டில் லாபம் வந்ததே பெரிய செய்தியானது. தட்டை விற்ற காசு அன்றாடம் ரயில் ஓட உதவுகிறது. தண்டவாளத்தை மாற்றுவது, மின்சாரக் கருவிகளைப் புதுப்பிப்பது மாதிரியான பெரிய செலவுகளுக்கு மத்திய அரசு, மாகாணம், நகராட்சி மூன்றின் உதவித்தொகையும் தேவைப்படுகிறது. 

ஜப்பானில் 2000-ல் ரயில்வே சட்டம் மாறியது. அதற்கு முன் ஒரு பாதையை மூட அரசின் அனுமதி வேண்டும். இப்போது ஒரு வருடம் முன்பே நோட்டீஸ் கொடுத்தால் போதும். அதற்குப் பிறகு எத்தனையோ கிராமத்துப் பாதைகளில் புல் முளைத்துவிட்டது. அவற்றிலும் ஸ்கூல் பிள்ளைகள் போனார்கள், பாட்டிகள் போனார்கள். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரு தட்டை கிடைத்துவிடவில்லை. வைரல் ஆனால்தான் ரயில் ஓடும் என்றால், வைரல் ஆகாத ஊர் என்ன செய்யும்? ஒரு ஊருக்குப் போக்குவரத்து என்பது லாபம் பார்க்கும் வியாபாரமா, தண்ணீர், ரோடு மாதிரி அடிப்படை வசதியா என்ற கேள்விக்கு ஜப்பான் இன்னும் பதில் தேடிக்கொண்டுதான் இருக்கிறது.

சோஷி அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிடவில்லை. கண்டுபிடிக்கும் வரை ரயிலை நிறுத்தாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதுவே சின்ன விஷயமில்லை. ஒருமுறை பேர்த்த தண்டவாளத்தைத் திரும்பப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்பது 1917-லேயே அந்த ஊருக்குத் தெரியும்.

டிசம்பர் 31 ராத்திரி இந்தக் குட்டி ரயில் விடிய விடிய ஓடும். மலைகளையும் தீவுகளையும் விட்டுவிட்டால், ஜப்பானில் புத்தாண்டின் முதல் சூரியன் முதலில் தெரிவது இனுபோ முனையில்தான். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வரும் கூட்டம், அந்த இரண்டு பெட்டிகளில் நெருக்கியடித்து நிற்கும். வருடத்தில் ரயில் நிரம்பி வழியும் அபூர்வமான நேரம் அது.

அடுத்த ஆட்டம் ஜனவரி 2-க்கு மேல். கூட்டம் போய்விடும். அதே ரயிலில் வழக்கமான தாத்தா பாட்டிகள் ஏறுவார்கள். கடையில் தட்டை சோயா சாஸில் ஊறிக்கொண்டிருக்கும். மிதித்துக்கொண்டே இருக்கணும் இல்லையா!